ஐந்தாம் கேட்

ஏற்றுமதி லாரிகள் எல்லாம் இறக்குமதி லாரிகள் போகிற இரண்டாம் கேட்டிலேயே போய் முட்டிக்கொண்டு நின்றன.

திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் எந்த லாரி எந்த கேட்டுக்கு என்று டிரைவர்களுக்கு மெசேஜ் அனுப்புவது கம்ப்யூட்டரில் ஓடும் ஒரு கிழட்டு பெர்ல் ஸ்கிரிப்ட். அதைக் கட்டி மேய்ப்பவள் எல்சி. வருஷக்கணக்காகக் கான்ட்ராக்டில் காலம் தள்ளியவளை அன்று காலைதான் எல்லாரையும் கூட்டி, கேக் வெட்டி, நிரந்தர ஊழியர் என்று அறிவித்திருந்தார்கள். நாக்கிலிருந்து இனிப்பு போவதற்குள் இந்தக் கூத்து.

ஏற்றுமதி லாரிகளைப் புது ஐந்தாம் கேட்டுக்குத் திருப்ப அவள் சேர்த்தது ஒரே வரி. கேட் எண்ணைப் போட்டுவைக்க ஏற்கெனவே ‘கேட்’ என்றொரு வேரியபிள், அதில் இரண்டு என்ற எண், இருந்தது; அதே பெயரில் புதிதாக இன்னொன்றை அறிவித்து, கேட் காலியாக இருந்தால் ஐந்தைப் போடு என்று அதே வரியில் சொல்லியிருந்தாள். இப்போது பிறந்தது காலியாகத்தானே இருக்கும்? ஸ்கிரிப்டோ பழைய இரண்டையே எடுத்தது.

பழையதுதானே சனியன் என்று அதிலிருந்த இரண்டைக் காலி செய்தாள். இறக்குமதி லாரிகளுக்கு எண் போவதே அந்தப் பழையதிலிருந்துதான்; உடனே மாரியப்பன் என்ற இறக்குமதி டிரைவரின் போன் வந்தது.

"இன்னாம்மா, மெசேஜ்ல கேட் நம்பரே காணோம். நான் எங்க போய் நிக்கிறது, கடல்லயா?"

பதறிப்போய்ப் பழையதிலும் ஐந்தைப் போட்டாள். எல்லா லாரியும் நடுரோட்டில் ஒரே நேரத்தில் திரும்ப, எண்ணூர் வரைக்கும் ரோடு அடைத்துக்கொண்டது.

பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அறிவித்த வரி முடிந்த பிறகுதான் புதுசுக்கு உயிர். அந்த வரிக்குள் பழசின் ராஜ்ஜியம்தான். பழையதில் இரண்டைத் திருப்பி வைத்து, அறிவிப்பைத் தனி வரியாகப் பிரித்தாள். லாரிகள் நகர்ந்தன.

யார் வேலை இது என்று கேட்டுக்கொண்டு வந்தார் மேனேஜர் அலெக்ஸாண்டர். கான்ட்ராக்ட் ஆட்கள் வழக்கம்போல சர்வர்மேல் பழி போட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். பாவம், ஒரு போனில் வேலை போய்விடும். நிரந்தர ஊழியருக்கு அப்படியில்லை. மெமோ, விளக்கம், விசாரணை என்று எல்லா மரியாதையும் உண்டு. உண்மை பேசுகிற வசதி வாழ்க்கையில் முதல்முறையாகக் கிடைத்திருக்கிறது என்று எல்சி எழுந்து நின்றாள்.

"நான்தான் சார். என் தப்பு."

அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

கொஞ்ச நேரத்தில் செக்யூரிட்டி டில்லிபாபு வந்து அடையாள அட்டையைக் கேட்டார்.

"எனக்கு மெமோதாண்ணே தரணும்," எல்சி சிரித்தாள். "நான் இப்ப பர்மனென்ட்."

டில்லிபாபு அவள் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினார்.

"அது நாளைலேர்ந்துதாம்மா. இன்னிக்கு முடியற வரிக்கும் நீ கான்ட்ராக்டுதான்."