முப்பத்துநாலு பேருக்கு ஓர் அடுப்பு

வாசகரே, மனிதரில் ‘ஆக்கள் வந்தால்?’ என்றோர் இனம் உண்டு. உயிரியல் புத்தகங்களில் இதைப்பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆனால் நம்மவர் வீடு எதற்குள்ளும் போய், செருப்பைக் கழற்றுமுன் ஒருதரம் சுற்றிப் பார்த்தால் போதும், அடையாளம் கண்டுவிடலாம்.

இவ்வினத்தார் தமக்கென்று எதையும் வாங்குவதில்லை. இனி வரப்போகிற ஆக்களுக்காகவே வாங்குகிறார்கள். வீட்டில் இருப்பது இரண்டு பேர், சோறு அவிக்கும் குக்கரோ இருபது பேருக்கானது. அதன் அடியில் ஒரு சுண்டு அளவு அரிசி பரவிக் கிடந்து, வெந்ததா தீய்ந்ததா என்று தனக்கே தெரியாமல் தவிக்கும். காரில் ஏழு ஆசனங்கள், அவற்றில் ஐந்தில் கடைக்காரர் போட்ட உறை இன்னும் இருக்கும். கராஜில் ஒன்றின்மேல் ஒன்றாக முகட்டை முட்டும் பிளாஸ்டிக் கதிரைகள் இருக்கும். கார் வெளியே மழையில் நிற்கும். கண்ணாடி அலுமாரியில் நாலு டசின் கோப்பைகள் பளபளக்க, வீட்டுக்காரர் தேநீர் குடிப்பது மட்டும் பிடி உடைந்த பழைய கோப்பையில். ஏன்? நல்ல கோப்பையில் தாமே குடித்துவிட்டால், ஆக்கள் வந்தால்?

இந்த இனம் டென்மார்க்கில் செழித்து வளர்வதுதான் விந்தை. ஏனென்றால் டென்மார்க்கில் ஆக்கள் வருவதில்லை. வருவதென்றால் ஆறு கிழமைக்கு முன்பே நாட்காட்டியை விரித்து, ‘சனிக்கிழமை இரண்டு மணிக்கு வந்து ஐந்து மணிக்குப் போகிறோம்’ என்று, வருவதற்கு முன்னரே போகிற நேரத்தையும் சொல்லிவிட்டு வருவார்கள். இங்கே வந்து குடியேறிய நம்மவரும் இத்தனை வருடத்தில் அந்தப் பாடத்தைக் கரைத்துக் குடித்துவிட்டார்கள். யாரும் வராத தேசத்தில்தான், வருகிறவர்களுக்கான ஏற்பாடு இவ்வளவு பிரமாதமாக நடக்கிறது.

ஹொல்ஸ்டெப்ரோவில் இருக்கும் அன்புராஜாவை எடுத்துக்கொள்ளுங்கள். கதவு யன்னல் செய்யும் தொழிற்சாலையில் வேலை. நல்ல மனிதர், யாரையும் கடிந்து பேசமாட்டார். மகள் டிலக்ஷி ஓஹூஸில் எந்திரவியல் படிக்கப் போய்விட்டாள். செங்கல் வீட்டில் மிச்சம் அவரும் மனைவி மனோன்மணியும்தான். வீட்டை எரிவாயுவால் சூடாக்குகிறார்கள். வாயு விலையேறிய வருடத்தில், ரேடியேட்டரைப் பத்தொன்பது பாகைக்கு மேலே யாரும் திருப்பக்கூடாது என்று அன்புராஜா ஒரு சட்டம் போட்டார். விலை இறங்கிய பிறகும் சட்டம் இறங்கவில்லை. சட்டங்களின் குணம் அது.

மனோன்மணிக்கு இறைச்சி பொதிசெய்யும் இடத்தில் வேலை. அங்கே கோடையிலும் மாரியிலும் நாலு பாகைதான். பின்னேரம் மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தால் விரல்கள் மடியாது; பூட்டில் சாவியைத் திருப்ப இரண்டு கையும் வேண்டும். முப்பது வருடம் ஒன்றும் கேட்காதவள், ஒக்டோபர் மாதத்தில் ஒரு நாள் கேட்டாள்.

“இஞ்சருங்கோ, எங்கட வீட்டுச் சாலேக்க ஒரு விறகடுப்பு வைப்பமே? வேலையால வந்து கையைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் இருக்கலாம்.”

“ஓம், வைப்பம்” என்றார் அன்புராஜா உடனே. அவர் கஞ்சர் அல்லர், கவனிக்கவும். இந்த இனத்தைக் கஞ்சர்களோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். கஞ்சன் சின்னதாக வாங்கிக் கெடுப்பான். இவர்கள் பெரிதாக வாங்கிக் கெடுப்பார்கள்.

பட்டண விளிம்பிலிருந்த அடுப்புக் கடைக்கு இருவரும் போனார்கள். சிவப்புக் கம்பளிச்சட்டை போட்ட, நெடிய, அவசரமில்லாத கடைக்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “அறை எவ்வளவு பெரியது?”

“இருபத்தெட்டுச் சதுர மீட்டர்.”

“அப்படியானால் இது.” இடுப்பளவு உயரத்தில் ஓர் அடுப்பைத் தட்டிக் காட்டினார். ஐந்து கிலோவாட். மேலே வழுவழுப்பான சாம்பல்நிறக் கல். கேத்தலை வைக்கலாம், அடுப்பு அணைந்த பிறகும் கல் சூட்டைப் பிடித்து வைத்திருக்குமாம். மனோன்மணி பக்கத்துக் கதிரையில் இருந்து பார்த்தாள். கண்ணாடிக் கதவு சரியாக அவள் கைகளின் உயரத்துக்கு வந்தது. விறகும் இல்லாமல், நெருப்பும் இல்லாமல், கடையில் குளிர்ந்து நின்ற அந்த அடுப்பின் முன்னே அவள் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பிடித்தாள். கடைக்காரர் சிரித்தார். வியாபாரம் முடிந்துவிட்டது என்றே எண்ணினார், பாவம்.

அன்புராஜா அடுப்பைப் பார்த்தார். அறையைக் கற்பனை செய்தார். அறைக்குள் ஆக்களைக் கற்பனை செய்தார்.

“ஆக்கள் வந்தால்?” என்றார், டெனிஷில்.

“எந்த ஆட்கள்?”

“எல்லாரும்.”

கடைக்காரருக்குப் புரியவில்லை. அன்புராஜாவின் விரல் அதற்குள் மூலையில் நின்ற ஒரு கறுத்த ராட்சதனைக் காட்டிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு கிலோவாட். அரை மீட்டர் நீள விறகு உள்ளே படுத்துப் புரளலாம். “அது பட்டறைகளுக்கு வாங்குவது” என்றார் கடைக்காரர். “உங்கள் வீட்டில் வைத்தால் யன்னலைத் திறந்துவைத்துக்கொண்டுதான் இருப்பீர்கள்.” அன்புராஜா புன்னகை செய்தார். பெரிதாகக் கிடந்தால் குறைத்து எரிக்கலாம், சின்னதைக் கூட்டி எரிக்க முடியுமா? இந்த ஒரு வாதத்தை வைத்துத்தான் இவ்வினம் குக்கர் முதல் கார் வரை எல்லாவற்றையும் வாங்கியிருக்கிறது. கடைக்காரர் இன்னொரு தரமும் எச்சரித்தார். மூன்றாம் தரம் எச்சரிக்க அவர் என்ன, சொந்தக்காரரா?

“இஞ்சருங்கோ, அந்தச் சின்னன்…” என்றாள் மனோன்மணி.

“நீர் சும்மா இரும். கிறிஸ்மஸுக்கு, ஜெபக்கூட்டத்துக்கு ஆக்கள் வந்தால் விறைச்சுப்போய் இருக்கிறதே?”

ராட்சதன் வந்திறங்கினான். அவனுக்கு நாலு பக்கமும் இடைவெளி விட வேண்டுமென்பது விதி. ஆகவே சோஃபா பின்னால் போனது, தேநீர் மேசை கராஜுக்குப் போனது. இந்த நாட்டில் புகைபோக்கி துடைப்பவர் வந்து பார்த்துச் சரி சொன்னால்தான் புதிய அடுப்பைப் பற்றவைக்கலாம். ஹன்னா என்ற இளம்பெண், கரிய உடுப்பும் கரிய உயரத் தொப்பியுமாக வந்து, இடைவெளியை அளந்து, தாளில் ஒப்பமிட்டாள். பிறகு அறையை இன்னொருமுறை பார்த்தாள்.

“விதிப்படி எல்லாம் சரி. ஆனால் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தால், அதையும் சேர்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள்.”

அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார் அன்புராஜா.

முதல் நெருப்பு. பத்து நிமிடத்தில் மனோன்மணி கதிரையை இரண்டு அடி பின்னே இழுத்தாள். இருபது நிமிடத்தில் அறை முப்பத்தொரு பாகை, கதிரை வாசற்படியில். அரை மணியில் அவள் வாசலுக்கு வெளியே நடையோடைக்குள் இருந்துகொண்டு, கதவுக்கூடாக, எட்டு அடிக்கு அப்பாலிருந்த நெருப்புக்குக் கையைக் காட்டினாள். முகம் வெந்தது, கால் விறைத்தது. அன்புராஜா யன்னலைத் திறந்தார். வேலிக்கு அப்பால் இலை கூட்டிக்கொண்டிருந்த கிழ டெனிஷ்காரர், உள்ளே பெனியனோடு நின்றவரைப் பார்த்து, “உங்கள் வீட்டில் கோடை வந்துவிட்டதா?” என்று மரியாதையாகக் கேட்டார்.

குறைத்து எரிக்கலாம் என்றாரே, அதையும் செய்து பார்த்தார். காற்றை அடைத்தார், நெருப்பு மூச்சுத் திணறிப் புகைந்து, கண்ணாடி தார்போலக் கறுத்தது. இரண்டே இரண்டு சுள்ளி வைத்தார். கலியாண மண்டபத்தில் தனியாய் நிற்கிற மெழுகுதிரிபோல அவை ஒரு மூலையில் எரிந்து, யாருக்கும் சொல்லாமல் அணைந்தன. கடைசியில் அடுப்பு சும்மா நின்றது. ரேடியேட்டர் பத்தொன்பதில் நின்றது. மனோன்மணி குசினியில் நின்றாள்.

“இப்ப என்ன செய்யிறது?” என்றாள்.

“பொறும். இது எங்களுக்கு வாங்கினதே? ஆக்கள் வரேக்க தெரியும் இதின்ர அருமை.”

வந்தார்கள். ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, வெளியே உறைநிலைக்குக் கீழே எட்டுப் பாகை, அன்புராஜா வீட்டில் ஜெபக்கூட்டம். ஹெர்னிங், ஸ்கீவ என்று அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் முப்பத்துநாலு பேர். கராஜ் கதிரைகள் வாழ்நாளில் இரண்டாம் முறையாக வெயிலைக் கண்டன. அன்புராஜா மத்தியானம் பன்னிரண்டு மணிக்கே ராட்சதனுக்கு வயிறு முட்ட விறகு கொடுத்துவிட்டார். அந்த நாளுக்காகத்தானே வாங்கினது! ஒவ்வொருவரும் கோட்டைக் கழற்றிக் கட்டிலில் போட்டுவிட்டு வந்து, “ஆ, நல்ல வெக்கை!” என்று கையைத் தேய்த்தபோது, அவர் முகத்தில் இருந்த ஒளிக்கு அடுப்பே தேவையில்லை.

முதற்பாட்டு முடிய அறை முப்பத்துமூன்று பாகை. இரண்டாம் பாட்டில் கைக்குழந்தைகளின் உடுப்புகள் ஒவ்வொன்றாய்க் கழன்றன. சாட்சி சொல்ல எழுந்த சூசைதாசன் அண்ணை, தன் வாழ்க்கையில் நடந்த அற்புதத்தின் பாதியிலேயே “மிச்சத்தைப் பிறகு சொல்லுறன்” என்று இருந்துவிட்டார். பட்டுச்சேலையோடு அடுப்புக்குப் பக்கத்தில் அகப்பட்ட மேரிசெலின் அக்கா, பாட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டே, “கர்த்தாவே!” என்றார். அது ஜெபமா முறைப்பாடா என்று யாருக்கும் பிடிபடவில்லை. போதகர் கோட்டைக் கழற்றினார், டையைக் கழற்றினார், அதற்குமேல் கழற்ற வழியில்லாமல் நின்றார்.

“அன்புராஜா பிரதர், அதை ஒருக்கா நூருங்கோ.”

“பாஸ்டர், இது சுவிச்சு இல்லை. விறகு முடியிற வரைக்கும் நூராது.”

“எப்ப முடியும்?”

“எப்பிடியும் ஒரு ஆறு மணியாகும்.”

நாற்பது நிமிடத்துக்குக் குறையாமல் ஜெபிக்கும் போதகர், அன்று ஒன்பது நிமிடத்தில் முடித்தார். ஆமென் இத்தனை உரத்து, இத்தனை ஒருமனதாக அந்த வீட்டில் ஒலித்ததில்லை. சனம் கதவைத் திறந்துகொண்டு தோட்டத்துக்குப் பாய்ந்தது. பனிக்குள், கோட்டில்லாமல், சேலையோடும் சேர்ட்டோடும் கடதாசித் தட்டில் புரியாணி சாப்பிட்டார்கள். வேலிக்கு அப்பால் கிழ டெனிஷ்காரர், கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, தன் வாழ்நாளில் முதல் தடவையாக ஒன்றும் கேட்காமல் உள்ளே போனார்.

லீவுக்கு வந்திருந்த டிலக்ஷி, தட்டோடு தகப்பனுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அவர் தமிழில் கேட்டால் அவள் டெனிஷில் பதில் சொல்வாள். அந்த வீட்டில் அது ஒப்பந்தம்.

“இதென்ன பிள்ளை இப்பிடி? பன்னிரண்டு கிலோவாட்டுக்கு இவ்வளவு வெக்கையே?”

“அடுப்பு மட்டுமில்லை அப்பா. ஓர் ஆள் சும்மா இருந்தாலே நூறு வாட் சூடு. முப்பத்துநாலு பேரென்றால் மூன்றரைக் கிலோவாட். இந்த அறைக்கு அது போதும்.”

“அப்ப…”

“அப்போ ஆட்கள் வருகிற நாளில் அடுப்பே தேவையில்லை.”

அன்புராஜா வாயிலிருந்த புரியாணியை மெல்லவும் மறந்தார். ஆக்கள் வராத நாளில் இந்த அடுப்பு பெரிது. ஆக்கள் வரும் நாளில் இந்த அடுப்பு வேண்டாம். வருடத்தில் மூன்றாவது வகை நாள் ஒன்று உண்டா என்று யோசித்துப் பார்த்தார். இல்லை.

ஆனாலும் இந்த இனத்தை ஒரு கணக்கு மாற்றிவிடும் என்று நம்பாதீர்கள். அடுத்த நாள் முழுக்க, ‘சுவரை இடித்துக் குசினியையும் சேர்த்தால் அறை அடுப்புக்கு அளவாய் வந்துவிடுமே’ என்று அளவு நாடாவோடு அலைந்தார். திங்கட்கிழமை பின்னேரம் குசினிச் சுவரை அளக்கப் போனவர், வாசலிலேயே நின்றுவிட்டார்.

மனோன்மணி வேலையால் வந்திருந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கேக் சுடும் மின்னடுப்பின் கதவைத் திறந்து வைத்து, அதன் முன்னே குந்தி, இரண்டு கைகளையும் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தாள். காலடிச் சத்தம் கேட்டும் அவள் திரும்பவில்லை.

“என்னப்பா இது?” என்றார்.

“ரெண்டு கைக்குத்தானேயப்பா நான் கேட்டனான்.”

அளவு நாடா தானாகச் சுருண்டு டப்பென்று மூடிக்கொண்டது.

அடுத்த நாளே கடைக்குப் போனார். சிவப்புச் சட்டைக்காரர் அவரைக் கண்டு வியப்படையவில்லை. “பெப்ரவரியில் வருவீர்கள் என்று நினைத்தேன்” என்றார். ராட்சதனைக் கடைக்காரரே தன் மைத்துனரின் ட்ராக்டர் பட்டறைக்கு அனுப்பினார். இடுப்பளவுச் சின்னன் வந்தது. ஹன்னாவும் வந்து அளந்து, ஒப்பமிட்டு, இந்தத் தடவை தொப்பியை மட்டும் தொட்டுவிட்டுப் போனாள்.

அன்று பின்னேரம் மனோன்மணி கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டு, கேத்தலைக் கல்லில் வைத்து, கைகளை நீட்டினாள். கதிரை ஓர் அங்குலமும் பின்னே போகவில்லை. விரல்கள் ஒவ்வொன்றாக மடிந்தன, விரிந்தன. பக்கத்துக் கதிரையில் அன்புராஜா. கண்ணாடி அலுமாரியைத் திறந்து இரண்டு நல்ல கோப்பைகளை அவளே எடுத்துவந்திருந்தாள். அவர் பார்த்தார்; அலுமாரியில் மிஞ்சியவற்றைக் கண்ணால் எண்ணினார். ஆனால் எவ்வளவு நேரம்தான் அடக்குவது?

“மனோ, எண்டாலும்… ஆக்கள் வந்தால்?”

“வரட்டும்” என்றாள் அவள், நெருப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். “வாற ஆக்கள் தங்கட சூட்டோட வருவினம்.”

இப்படி முடித்தால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நேரம் வெளியே ஒரு லொறி பின்பக்கமாக வளவுக்குள் வந்தது. அன்புராஜா விறகுக்குச் சொல்லியிருந்தார். சின்ன அடுப்புக்குத்தான் சொன்னார். ஆறு மாரிகாலத்துக்குச் சொன்னார். இப்போது கராஜில் கதிரையுமில்லை, மேசையுமில்லை, முகடு வரை பூர்ச்ச மர விறகுதான். கதிரைகளெல்லாம் டிலக்ஷியின் அறைக்குள் குடியேறிவிட்டன. அவள் வந்தால் எங்கே படுப்பாள் என்று கேட்காதீர்கள். அவள் ஆக்களில் சேர்த்தியில்லை.

சிரிக்கிறீர்கள், வாசகரே. சிரியுங்கள். சிரித்து முடிந்ததும் எழுந்துபோய், உங்கள் வீட்டுச் சோற்றுப் பானைக்குள் எட்டிப் பாருங்கள். உங்கள் நல்ல கோப்பைகளை ஒருதரம் எண்ணுங்கள்; இப்போது கையிலிருக்கும் கோப்பையின் பிடியையும் தடவிப் பாருங்கள். உங்கள் வீட்டில் எந்தக் கதிரை வாசற்படி வரை தள்ளிப்போயிருக்கிறது, அதில் இருப்பவர் யார் என்றும் பாருங்கள்.

அதெல்லாம் எங்கள் வீட்டில் இல்லை என்கிறீர்களா? சந்தோஷம். அப்படியானால் இந்தப் புத்தகத்தில் ஏன் இரண்டு பிரதி வாங்கினீர்கள்?