தலையணையில் அடைப்பு

மிராசுதார் தியாகேசனின் கழுத்து வியாழக்கிழமை காலையில் இடப்பக்கம் திரும்பியது. திரும்பியது திரும்பியபடியே நின்றுவிட்டது.

"ஐயா இடதுசாரி ஆயிட்டாராம்" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். செங்கொடிச் சங்கத்தோடு பத்து வருஷமாக மல்லுக்கு நிற்கிறவருக்கு அந்த வலி வேறு.

எல்லாவற்றையும்விடப் பெரிய வலி திங்கட்கிழமை. நில உச்சவரம்பு விசாரணைக்கு அதிகாரி வீட்டுக்கே வருகிறார். வேறு யார் பெயரிலாவது நிலம் உண்டா என்று கேட்பார். தலையைக் கம்பீரமாக ஆட்டி இல்லை என்று சொல்லவேண்டும். சொல்லத் தவறினால் முப்பது ஏக்கர் சர்க்காருக்குப் போய்விடும்.

மனைவி அமிர்தம் நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்தாள். வலி தோளுக்கு இறங்கியது. சுளுக்கு எடுக்கிற வைரக்கண்ணு வந்து ஒரு திருகு திருகினார். மோவாய் இடது தோளில் போய் உட்கார்ந்துகொண்டது.

வெள்ளிக்கிழமை, வீட்டு வேலை செய்யும் காளியம்மாளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மன்னார்குடி அக்குபஞ்சர் டாக்டர் இருதயசாமியிடம் போனார். கடைத்தெருவில் சங்கச் செயலாளர் ரெத்தினம் எதிர்ப்பட்டு, "வணக்கம் தோழர்" என்றார். முறைக்கக்கூட முடியவில்லை. ரெத்தினம் வலப்பக்கம் நின்றார்.

"எந்த நாட்டு வைத்தியங்க இது?" என்று டாக்டரின் ஊசிகளைப் பார்த்துக் கேட்டார் தியாகேசன்.

"சீனாவுது" என்றார் டாக்டர்.

தியாகேசனுக்குப் பகீரென்றது. டாக்டர் அதற்குள் மயிரிழை ஊசியொன்றைப் புறங்கையில் செருகிவிட்டார்.

"வலி கழுத்துலங்க. கையில குத்துறீங்களே?"

"ஒங்களுக்குத் தெரியாததா. கடைமடை காஞ்சா கடைமடையிலயா வெட்டிக்கிட்டு நிக்கிறோம்? எங்க அடைச்சிருக்குன்னு மேல போய்ப் பாக்குறோம்ல. ஒடம்புக்குள்ளயும் அப்படி வாய்க்கால் ஓடுதுன்னு சீனாக்காரன் சொல்றான். ஊசி நரம்பைத் தூண்டும், தசை இறுக்கம் விடும்னு மத்தவங்க சொல்றாங்க. எல்லா நோவும் இதுல தீராது. இதுக்குக் கேக்கும்."

கேட்டது. அரைமணி நேரத்தில் கழுத்து நேரானது. சனிக்கிழமை விடிந்தபோது மறுபடி இடப்பக்கம். மறுபடி ஊசி, மறுபடி நேர். ஞாயிற்றுக்கிழமையும் அதே கதை, துணைக்கு அதே காளியம்மாள்.

"நான் தொறந்து விடுறேன், நீங்க தூங்குறப்ப எதுவோ அடைக்குது" என்றார் டாக்டர். "அடைப்பு தலையணையிலதான். அதைக் கொண்டாங்க, பாப்போம்."

"அது மட்டும் முடியாதுங்க."

எப்படி முடியும்? அதற்குள் பஞ்சு இல்லை. யார் யார் பெயரிலோ எழுதி வைத்த நிலப்பத்திரங்கள் இருந்தன. விசாரணை என்று தெரிந்த புதன்கிழமையே பஞ்சை எடுத்துவிட்டு அவற்றை அடைத்து, அவரே தைத்து வைத்தார். பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாது. ஊசி பிடிக்கத் தெரிந்தவர் டாக்டர் மட்டுமல்ல.

திங்கட்கிழமை அதிகாரி வந்தார். கழுத்து இடப்பக்கமே இருந்தது.

"வேற யார் பேர்லயாவது நிலம் இருக்குங்களா?"

தியாகேசன் நாற்காலியோடு சேர்ந்து இப்படியும் அப்படியும் திரும்பி, "இல்லீங்க" என்றார். அதிகாரி இல்லை என்றே எழுதிக்கொண்டார்.

அப்போது காளியம்மாள் உள்ளே வந்தாள். கக்கத்தில் தலையணை. ஓரம் பிரிந்திருந்தது.

"காலையிலேந்து எங்க போனே?" என்றாள் அமிர்தம்.

"டாக்டர்கிட்டதாம்மா. ஐயா படுற பாடு பாக்க முடியல. இதைக் கொண்டுபோய்க் காமிச்சேன். பிரிச்சா உள்ள பூராப் பத்திரம். டாக்டரு ஒண்ணொண்ணா படிச்சுச் சொன்னாரு."

தியாகேசனின் கழுத்து சடக்கென்று வலப்பக்கம் திரும்பியது. வலி போன இடம் தெரியவில்லை. அதை அனுபவிக்கத்தான் கொடுத்து வைக்கவில்லை.

காளியம்மாள் தலையணையை அதிகாரி முன்னால் வைத்தாள். பிறகு அமிர்தத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"நாளையிலேந்து பாத்திரம் தேய்க்க வேற ஆள் பாத்துக்குங்கம்மா. வாய்க்கால் ஓரத்து அஞ்சு ஏக்கர் என் பேர்லதான் இருக்காம், நடவு கெடக்கு."