பலகையைக் கொத்திய டீச்சர்

முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே சொல்கிறேன். கை கீரையில் இருக்கிறது. அதனால் வாயால் சொல்கிறேன், போன் எழுதிக்கொள்கிறது. இந்த வித்தையைக் காட்டிக் கொடுத்தது என் நாத்தனார் சங்கவி. அவள் பி.எட். படிக்கிறாள். பயிற்சிக்குப் போகிற பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு நீதிக்கதை வேண்டுமாம். "பாப்பாவுக்கு வாய் ஓயாம சொல்றீங்களே அண்ணி, எனக்கும் ஒண்ணு சொல்லுங்க. என் முகத்தப் பாத்து சொல்ல வெக்கமா இருந்தா போன்கிட்ட சொல்லுங்க" என்றாள். எனக்கு ஆள் முன்னால் பேச வராது. போன் ஆள் இல்லை. தப்பு வந்தால் அவளே திருத்திக்கொள்ளட்டும்.

ஒரு காட்டில் ஒரு மரங்கொத்தி இருந்தாள். பெயர் செங்கொண்டை. அவள் வீட்டில் எல்லோருக்கும் கொத்துகிற வேலை. அம்மா வேம்பு கொத்துவாள், சித்தப்பா தேக்கு கொத்துவார். செங்கொண்டைக்கு மட்டும் டீச்சர் ஆக வேண்டும் என்று ஆசை. குஞ்சாக இருந்தபோதே இலைகளை வரிசையாக உட்கார வைத்து "பேசாதே, பேசாதே" என்று சொல்லிக்கொண்டிருப்பாள்.

"சரி, போய்ப் படி. ஆனா பயிற்சியில தேறாம வந்தே, மறுநாளே சித்தப்பாகூட தேக்கு கொத்தப் போயிடணும். அழக்கூடாது" என்றாள் அம்மா.

"அழ மாட்டேம்மா" என்று சொல்லும்போதே செங்கொண்டை அழுதுவிட்டாள்.

அந்தக் காட்டில் டீச்சர் படிப்பு என்றால், ஒரு பள்ளிக்கூடத்தில் போய் நின்று நிஜப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். கடைசியில் வெளியிலிருந்து ஒரு பெரியவர் வருவார். பின் வரிசையில் இருந்து பார்ப்பார். அவர் தலையாட்டினால் டீச்சர், ஆட்டாவிட்டால் தேக்கு. அது போதாதென்று தினமும் சாயங்காலம், "இன்று நான் கற்றது என்ன, என் வளர்ச்சி என்ன" என்று யோசித்து எழுதிக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும்.

முதல் நாள் செங்கொண்டை எழுதினாள்: "இன்று நான் கற்றது: கீரிக்குட்டிக்குப் பசித்தால் பாடம் ஏறாது. என் வளர்ச்சி: என் பழத்தைக் கொடுத்துவிட்டேன்."

கல்லூரியிலிருந்து திரும்பி வந்தது: "இதில் தொழில்நுட்பம் எங்கே?"

மறுநாள் எழுதினாள்: "முள்ளம்பன்றிக்குட்டி பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. நான் உட்கார்ந்தேன். என் வளர்ச்சி: இரண்டு முள்."

அதுவும் திரும்பி வந்தது: "முள் தொழில்நுட்பம் ஆகாது."

பிள்ளைகளுக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது. அவளுக்கும் பிள்ளைகளைப் பிடித்தது. ஆனால் அதை எந்தக் கேள்விக்குக் கீழே எழுதுவது என்று தெரியவில்லை.

அந்தப் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை ஒரு எருமை. நல்லவள். பயந்தவள். அவளிடம் தொட்டால் படம் ஓடுகிற புதுப் பலகை ஒன்று இருந்தது. ஜன்னலை மறைத்து மாட்டி வைத்திருந்தாள். வந்த நாளில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்கவே இல்லை. அதன் மேலேயே சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, மூலையில் ஒரு எலுமிச்சம்பழம் கட்டி, ஆயுத பூஜைக்குப் பொரி வைத்ததோடு சரி.

"டீச்சரம்மா, அந்தப் பலகைய ஒரு தடவை போட்டுப் பாக்கலாமா?" என்று செங்கொண்டை கேட்டாள்.

"போட்டா தேஞ்சிடும்மா. அதுக்கு ஒரு கீறல் விழுந்தாலும் என் கொம்பக் கழட்டிடுவாங்க. பெரியவர் வர்ற அன்னைக்குப் போட்டுக்கலாம்" என்றாள் எருமை.

பெரியவர் வந்தார். அவர் ஒரு கொக்கு. வந்தவர் பின் வரிசையில் ஒற்றைக் காலில் நின்றார். கண்ணை மூடிக்கொண்டார். கவனிக்கிறாரா தூங்குகிறாரா என்று யாருக்கும் தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது.

அன்றைக்குப் பாடம், விதை முளைப்பது எப்படி. எருமை சாமி கும்பிட்டுவிட்டு சுவிட்சைப் போட்டாள். பலகையில் ஒரு விதைப் படம் வந்தது. நடுவில் ஒரு வட்டம். வட்டத்துக்குள், "இங்கே தொடவும்."

செங்கொண்டை சிறகால் தொட்டாள். ஒன்றும் ஆகவில்லை. மேலே பிளாஸ்டிக், பிளாஸ்டிக்குக்கு மேலே சந்தனம், எங்கே ஆகும். கால் விரலால் தொட்டாள். ஆகவில்லை. பின்னால் கொக்கு ஒரு கண்ணைத் திறந்தது. செங்கொண்டைக்கு எதிரே தேக்கு மரம் தெரிந்தது. சித்தப்பா தெரிந்தார். மெதுவாக அலகால் தொட்டாள். ஆகவில்லை. கொஞ்சம் அழுத்தித் தொட்டாள்.

மரங்கொத்திக்கு அழுத்தித் தொடுவது என்றால் ஒன்றுதான் தெரியும். பரம்பரையாக வருவது.

டொக். டொக். டொக்.

கண்ணைத் திறந்து பார்த்தால் பலகையின் நடுவில் உருண்டையாக ஒரு ஓட்டை. படம் போய்விட்டது. எலுமிச்சம்பழம் கீழே விழுந்து உருண்டது. எருமை சத்தமில்லாமல் தன் கொம்பைத் தடவிக்கொண்டாள்.

ஓட்டைக்கு அந்தப் பக்கம் ஜன்னல். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கொல்லை. பிள்ளைகள் புளியம்பழம் தின்று கொட்டை துப்புகிற இடம். முந்தின வாரமெல்லாம் மழை பெய்திருந்தது. அங்கே ஒரு புளியங்கொட்டை மண்ணைப் பிளந்து, கொட்டைத் தோலைத் தலையில் தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டு எழுந்து நின்றது.

"டீச்சர், விதை மொளைச்சிருக்கு" என்றது கீரிக்குட்டி.

"தள்ளுடா, நான் பாக்கணும்" என்றது முள்ளம்பன்றிக்குட்டி. எல்லோரும் தள்ளிக்கொடுத்தார்கள். முள்ளுக்குப் பயந்துதான்.

பிள்ளைகள் இவ்வளவு அமைதியாக இருந்து கொக்கு பார்த்ததே இல்லை. அதனால் தூக்கம் கலைந்துவிட்டது. நடந்து வந்து, கழுத்தை நீட்டி, ஓட்டையில் கண்ணை வைத்தது.

"அடேயப்பா" என்றது. "என்ன தெளிவு. ஈரம்கூடத் தெரியுதே. இது எந்தக் கம்பெனி?"

எருமை கொம்பை நினைத்தாள். "புதுசுங்க ஐயா. வெளியூர்க் கம்பெனி" என்றாள்.

"மண் வாசனை வருதே."

"அதுவும் சேர்த்துதாங்க குடுத்தாங்க."

ஏய், போ, கீரையில் வாய் வைக்காதே, போ அந்தப் பக்கம். சங்கவி, இது கதை இல்லை, நம் வீட்டு ஆடு. எழுத்தில் வந்திருந்தால் அடித்துவிடு. வேண்டாம், வந்ததுதான் வந்தது, கதையிலும் வரட்டும்.

அந்த நேரம் பார்த்துக் கொல்லைக்கு ஒரு ஆடு வந்தது. புளியங்கன்றை முகர்ந்தது. ஒரே வாயில் தின்றுவிட்டு, ஓட்டை வழியாகக் கொக்கை ஒரு பார்வை பார்த்தது.

"கடைசியில இப்படி ஒரு திருப்பமா" என்று கொக்கு ஒரு காலை மாற்றி வைத்தது.

கீரிக்குட்டி ஓவென்று அழுதது. "அது நான் துப்புன விதை."

"பாத்தீங்களா, பிள்ளை படத்தோட அப்படியே ஒன்றிப்போச்சு" என்று கொக்கு கண்ணைத் துடைத்துக்கொண்டது. "சரிம்மா, படத்த நிறுத்து."

செங்கொண்டைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சிறகால் ஓட்டையை மூடினாள்.

"தொட்டதும் நிக்குது" என்றது கொக்கு.

செங்கொண்டை நல்ல பெண். பொய் தொண்டையில் இறங்கவில்லை. "ஐயா, மன்னிச்சுடுங்க. இது படம் இல்ல. ஓட்டை. நான்தான் தெரியாம கொத்திட்டேன்" என்றாள்.

கொக்கு அவளையே பார்த்தது. பிறகு எருமையைப் பார்த்துச் சொன்னது: "இந்த வயசுல இவ்வளவு அடக்கம். இந்தப் பொண்ணு எங்கியோ போயிடும்."

போகத்தான் போனாள். முதலில், செங்கொண்டை டீச்சர் என்று உத்தரவு வந்தது. அம்மா மரத்துக்கு மரம் போய்ச் சொன்னாள். செங்கொண்டை எருக்க இலையில் பிள்ளைகள் பெயரையெல்லாம் எழுதி வைத்து, மறுநாள் யாரை எங்கே உட்கார வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தாள். முள்ளம்பன்றிக்குட்டியை ஜன்னல் ஓரம் என்று முடிவு செய்தாள். அதற்குள் இரண்டாவது உத்தரவு வந்தது. காட்டில் உள்ள எல்லாப் பள்ளிக்கூடத்துப் பலகையிலும் இதே மாதிரி போட வேண்டும். போடத் தெரிந்தவள் செங்கொண்டை ஒருத்திதான். ஆகவே அவள் இனிமேல் கொத்தல் பயிற்றுநர். வகுப்பு எடுக்க வேண்டாம். வகுப்பு எடுப்பவர்களுக்கு மேலே.

"ஐயா, எனக்கு என் பிள்ளைங்களே போதும்" என்று போய்க் கேட்டாள்.

"வளர்ச்சிய வேண்டாம்னு சொல்லக்கூடாது" என்றது கொக்கு.

அன்று முதல் செங்கொண்டை ஊர் ஊராகப் பறந்தாள். போன இடமெல்லாம் மாலை போட்டார்கள், வடை கொடுத்தார்கள், பலகையைக் காட்டினார்கள். டொக் டொக் டொக். ஒரு பள்ளிக்கூடத்தில் ஓட்டைக்குப் பின்னால் ஆறு. பிள்ளைகள் மீன் பாடம் படித்தார்கள். இன்னொன்றில் பின்னால் வெறும் சுவர். அங்கே இருந்த ஓணான் வாத்தியார், "படம் நன்றாக இருக்கிறது, கொஞ்சம் மெதுவாக ஓடுகிறது" என்று எழுதி அனுப்பினார். சுவரில் பல்லி வந்த அன்று மட்டும் லீவு விட்டுக் கொண்டாடினார்களாம். பலகையே இல்லாத பள்ளிக்கூடங்களுக்கு, ஓட்டை போடுவதற்காகவே புதுப் பலகை வந்தது.

ஒருநாள் செங்கொண்டை பழைய பள்ளிக்கூடத்துக் கொல்லை மேலே பறந்து போனாள். ஓட்டையில் கீரிக்குட்டியின் கண் தெரிந்தது.

"டீச்சரம்மா, நம்ம டீச்சர் படத்துல வர்றாங்க" என்று கத்தியது கீரிக்குட்டி. "எப்ப வெளிய வருவாங்க?"

"அவங்க இனி வர மாட்டாங்கடா" என்றாள் எருமை. "வளந்துட்டாங்க."

சாயங்காலம் செங்கொண்டை பழைய வழக்கப்படி எழுதி அனுப்பினாள்: "இன்று நான் கற்றது: தேக்கு கொத்தினால் ராத்திரிக்காவது வீட்டுக்கு வரலாம். என் வளர்ச்சி: எனக்கு இப்போது வகுப்பே கிடையாது."

இந்தத் தடவை கல்லூரியிலிருந்து திரும்பி வரவில்லை. கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலில் மாட்டிவிட்டார்கள்.

நீதி: மரத்தைக் கொத்தினால் புழு கிடைக்கும், பலகையைக் கொத்தினால் பதவி கிடைக்கும். ஆகவே பிள்ளைகளே, டீச்சர் ஆக வேண்டும் என்றால் நன்றாகப் படியுங்கள். டீச்சருக்கு மேலே ஆக வேண்டும் என்றால் முதலில் ஒரு நல்ல, என்ன சங்கவி, பாப்பா எந்திரிச்சிட்டாளா, இதோ வர்றேன், தொட்டில ஆட்டிக்கிட்டு இரு, கையெல்லாம் கீரை, இத நிறுத்திட்டு வர்றேன், எங்க அமுக்கச் சொன்னே, இந்தச் செவப்புலதானே, அமுக்கிட்டேன், கேக்க மாட்டேங்குதே, ஈரக்கையா இருக்கோ என்னமோ, இரு, இன்னும் கொஞ்சம் அழுத்தி