சில்வஸ்டரின் முதல் பாட்டிலுக்கு அத்தான் சொன்ன தீர்ப்பு

குன்னூர்,
8.8.2003

என் அன்பு மைத்துனன் சில்வஸ்டருக்கு, உன் அத்தான் ஹெர்பர்ட் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அக்கா தபித்தாளும் சுகம். நான் சுகம் என்பதில் என் நாக்கைச் சேர்க்கவில்லை; அதன் கதை கீழே வரும். தேவர்சோலையில் நீயும் உன் மரங்களும், வேலிக்கு அந்தப் பக்கமே நிற்கும் வரை யானைகளும், சுகமாயிருக்க ஜெபிக்கிறோம்.

நீ பஸ்ஸில் கொடுத்தனுப்பிய எண்ணெய் பாட்டில் சேதமில்லாமல் வந்து சேர்ந்தது. பச்சைத் தேயிலை விலை விழுந்த கோபத்தில் பாதித் தோட்டத்தைப் பிடுங்கிவிட்டு டீ ட்ரீ நடப்போகிறேன் என்று நீ சொன்ன அன்று, பேரில் டீ இருக்கிறதே தவிர நம் தேயிலைக்கும் அந்த ஆஸ்திரேலியா மரத்துக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று சிரித்தவன் நான். இன்று அதே மரத்தின் இலையைக் கூடலூரில் கொடுத்து வடித்து முதல் எண்ணெயை எடுத்து, கோயமுத்தூர் சோப்புக் கம்பெனிக்காரருக்குக் காட்டுமுன் அத்தானுடைய மூக்குக்குக் காட்ட வேண்டும் என்று நினைத்தாயே, அதில் எனக்கு உண்டான பெருமையைச் சொல்லி முடியாது. ஆனால் கூடவே ஒரு சீட்டில், ‘அத்தான் நல்லா இருக்குன்னா இங்கயே இருந்துக்கறேன். இல்லேன்னா நிலத்தக் குத்தகைக்கு உட்டுட்டு ஓசூர்ல மகன்கூடப் போய் இருந்துக்கறேன்’ என்று வேறு எழுதி வைத்திருந்தாய். அதைப் படித்ததிலிருந்து உன் அக்கா தட்டில் போட்டதைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறாள். பதிலைப் போனில் சொல்லலாம். சொல்ல ஆரம்பித்தால் அவள் பிடுங்கி, ‘அமோகமா இருக்குடா’ என்று வைத்துவிடுவாள். அதனால்தான் கடிதம்.

உனக்கே தெரியும், ஃபேக்டரியில் தூளை ருசி பார்த்துத் தரம் சொல்லும் டீ மேக்கராக இருந்த காலம் முழுக்க, கெட்ட தூளை நல்ல தூள் என்று நான் யாருக்காகவும் சொன்னதில்லை. எங்கள் கல்யாணத்துக்கு உங்கள் அப்பா பெருமையாக வாங்கிவந்த தூளைக்கூட முகூர்த்த நாளிலேயே மட்டம் என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவன். ஆகவே முறைப்படி ஆரம்பித்தேன். வேளாண்மை அதிகாரி உன்னிடம் சொன்னதாக எழுதியிருந்தாயே, எண்ணெய் தண்ணீர் மாதிரியோ லேசான மஞ்சளாகவோ இருக்க வேண்டும் என்று, அது சரியாக இருந்தது. வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டேன்; காய்ந்தபின் எண்ணெய்க் கறை இல்லை, ஆகவே மலிவான சமையல் எண்ணெய் எதையும் கலக்கவில்லை. இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ருசி பார்க்காமல் தரம் சொல்வது எப்படி? கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி, உன் எண்ணெயில் இரண்டு சொட்டு விட்டு, கரண்டியில் எடுத்து, எங்கள் முறைப்படி ஊரே திரும்பிப் பார்க்கும் சத்தத்தோடு உறிஞ்சி, நாக்கில் ஒரு சுழற்று சுழற்றித் துப்பினேன். துப்பியது மட்டும்தான் நான் செய்த புத்திசாலித்தனம். அது வாயில் வைக்கும் பொருளே இல்லை என்று பிறகு மருந்துக்கடைக்காரர் என்னை நிற்கவைத்துத் திட்டினார். முதலில் எரிந்தது, அப்புறம் நாக்கு என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஆலயத்தில் வேதபாடம் வாசிக்கும் முறை என்னுடையது. பாடம் தானியேல் மூன்றாம் அதிகாரம். நேபுகாத்நேச்சார், சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ எல்லோரும் வரிக்கு வரி வருகிறார்கள். ஒருவர் பேரும் முழுசாக வெளியே வரவில்லை. பின்வரிசையில் யாரோ எனக்குப் பக்கவாதம் என்று முடிவு கட்டி ஜெபமே பண்ண ஆரம்பித்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் என்னைத் தேற்றுவதற்காக ஆலயத்துப் போதகர் ஐயர் வீட்டுக்கே வந்தார். உன் பாட்டிலை நான் மூடி சரியாக இறுக்காமல் எங்கே வைத்திருந்தேன் என்று நினைக்கிறாய்? தேயிலைத் தூள் டப்பா இருக்கும் அதே அலமாரியில். பக்கத்தில் எந்த வாசனை இருந்தாலும் தேயிலை அதை வாங்கிக்கொள்ளும் என்று ஃபேக்டரியில் வேலைக்கு வந்தவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவன் செய்த காரியம் இது. அந்தத் தூளில் போட்டுக் கொடுத்த டீயை ஐயர் ஒரு வாய் குடித்தார், கண்ணை மூடினார், ஜெபிக்கிறாரோ என்று பார்த்தேன். “சளிக்கு நல்லதுங்களா இது?” என்றார். ஆமாம் என்றேன், வேறென்ன சொல்ல. இன்னொரு கப் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

கடைசியாக மூக்குப் பரீட்சை. கற்பூரம் மாதிரி ஒரு குளிர்ச்சி, அடியில் ஜாதிக்காய் மாதிரி லேசான காரம், இது இருந்தால் சுத்தம். நீலகிரித் தைலம் தூக்கலாக அடித்தால் கலப்படம் என்றுதானே அதிகாரி சொன்னார்? பாட்டிலைத் திறந்து குனிந்தேன். தைலம். காற்றாட வைத்துவிட்டு மறுபடி குனிந்தேன். தைலம். என் மூக்கை மட்டும் நம்பக் கூடாது என்று கேத்தியிலிருந்து கேரட் கொண்டுவரும் கந்தனைக் கூப்பிட்டேன். அவர் என் பக்கத்தில் வந்து நின்றதுமே, “ஏனுங்க, பாட்டலத் தொறக்கறதுக்கு முன்னாலயே தைலம் கும்முனு அடிக்குதுங்களே!” என்றார். மூடிய பாட்டிலையும் தாண்டி வருகிறது என்றால் எவ்வளவு ஊற்றியிருப்பான், நீயே சொல். நீ செய்திருக்க மாட்டாய். உனக்கு வடித்துக் கொடுத்த கூடலூர்க்காரன்தான் தைலத்தைக் கலந்து உன் தலையில் கட்டியிருக்கிறான். ஆகவே, மனதைக் கல்லாக்கிக்கொண்டு எழுதுகிறேன்: எண்ணெய் தேறாது.

இதை எழுதிவிட்டு வெகுநேரம் பேனாவை மூடி வைத்திருந்தேன். நீ ஓசூருக்குப் போய்விட்டால் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஈரக் குடையும் பலாப்பழமுமாக யார் வந்து இந்த வாசலில் நிற்பார்கள்? நான் போடும் டீயைக் குடித்துவிட்டு ‘சுமார்தான் அத்தான்’ என்று சொல்ல இந்த உலகத்தில் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? உன் அக்காளுக்குத்தான் வருத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, சில்வஸ்டர். எனக்குத்தான் தாங்கவில்லை. எப்படியும் போகத்தான் வேண்டுமென்றால், போகுமுன் இங்கே வந்து ஒரு மாதம் இருந்துவிட்டுப் போ.

உன்னையும் உன் மகன் வீட்டாரையும் கர்த்தர் தம் சிறகுகளின் நிழலில் காப்பாராக. மழையில் அலையாதே, காலுக்கு உப்புப் போட்டு வெந்நீர் வை.

இப்படிக்கு,
பிரியமுள்ள அத்தான்,
ஹெர்பர்ட்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது உன் அக்கா வாங்கிப் படித்தாள். கந்தன் சொன்ன இடத்துக்கு வந்ததும் நிறுத்தி, எழுந்து வந்து மோந்து பார்த்தாள். பாட்டிலை இல்லை, என்னை. மூக்கு கெட்டுவிடும் என்று இந்த வீட்டுக்குள் தைலத்தை நான் நுழையவிட்டதே இல்லை. மழை தொடங்கியதிலிருந்து நான் இருமுவதைப் பார்க்கச் சகிக்காமல், தினமும் மத்தியானம் நான் கண்ணயரும்போது என் கழுத்து மஃப்ளரில் அவள் தைலம் தெளித்து வந்திருக்கிறாள். குனிந்தால்தான் மஃப்ளர் மூக்குக்கு நேரே வரும்; நான் பாட்டில் மேல் குனிந்தபோதெல்லாம் மோந்தது அதைத்தான். “சொன்னா வையுவீங்கன்னு சொல்லலீங்க” என்றாள். மஃப்ளரைக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன். என்னைக் குளிக்கவைத்து, வெளுத்த சட்டை போட்டு, வாசலில் காற்றுக்கு எதிரே உட்காரவைத்துப் பாட்டிலை நீட்டினாள். கற்பூரக் குளிர்ச்சி, அடியில் ஜாதிக்காய். தைலம் கடுகளவும் இல்லை. முதல் தரம், சில்வஸ்டர்! கூடலூர்க்காரரிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதுகிறேன் என்றேன். “கிழிக்காதீங்க. அவன் போயிருவானோன்னு நீங்க அழுதிருக்கற எடத்த அவன் படிக்கோணும்” என்றாள். ஆகவே எண்ணெயைப் பற்றி எழுதியதையெல்லாம் அடித்துவிடு. அழுததை மட்டும் அடிக்காதே.