உங்கள் அண்ணனின் இடது பக்கம்

திலக் நகர், செம்பூர்,
மும்பை.

அன்பும் மரியாதையும் நிறைந்த கொழுந்தனார் மரியசூசை அவர்களுக்கு,

அண்ணி அன்னமேரி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நலம். முழங்கால்களை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பாளையங்கோட்டையில் நீங்களும் தங்கச்சியும் சுகம்தானே? போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள், அதனால் எழுதுகிறேன்.

மகள் லிசா வேலை பார்க்கும் குர்லா கம்பெனியில் ஒரு கார்ட்டூன் படம் எடுக்கிறார்கள். அதில் வரும் டிக்கெட் பரிசோதகருக்குத் தன் அப்பாவின் முகத்தையே வைப்பதென்று முடிவு செய்திருக்கிறாள். கம்ப்யூட்டரில் களிமண் பிசைவதுபோல முகம் செய்வதற்கு முன்னால், நேரே பார்ப்பதாக ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றும் வரைந்து வைத்துக்கொள்ள வேண்டுமாம். அவளோடு வேலை செய்யும் கணேசபாண்டியன் வரைந்து கொண்டுவந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கான்வென்டில் கற்ற பழக்கத்தில் ஸ்கேலை எடுத்துக் கோடு போட்டுப் பார்த்தேன். ஒன்றில் மூக்கு நுனி இருக்கும் மட்டத்தில் மற்றதில் மீசை இருக்கிறது. "இரண்டும் ஒரே ஆள்தானா?" என்றேன். "ஷேடிங் பாருங்க ஆன்ட்டி" என்றார். நான் கல்யாணம் செய்தது ஷேடிங்கை அல்ல என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். அடுத்ததில் உங்கள் அண்ணன் பல் தெரியச் சிரிக்கிறார். சிரித்த முகத்தை வைத்துச் செய்தால், கதையில் அவர் அழ வேண்டிய இடத்திலும் கன்னம் சிரித்துக்கொண்டே நிற்காதா? அதற்கடுத்தது, லிசா போனை முகத்தருகே நீட்டி எடுத்த போட்டோவைப் பார்த்து வரைந்தது. மூக்கு மட்டும் கத்தரிக்காய் அளவு.

கடைசியில் நான் அளந்து சொல்லச் சொல்ல நேர்முகம் ஒருவழியாகத் தேறியது. அதற்குள் லிசா சொல்கிறாள், "பாதி முகம் செஞ்சா போதும் மம்மி, மத்த பாதியை கம்ப்யூட்டரே திருப்பிப் போட்டுக்கும். சலேகா, அதுவே ஓடும்." திருப்பிப் போட்டும் காட்டினாள். வலது பாதியும் வலது பாதியும் சேர்ந்த ஒரு மனிதர், ஒரு பொய்கூடச் சொல்லத் தெரியாத முகத்தோடு என்னைப் பார்க்கிறார். அவரோடு நான் ஒரு நாளும் குடித்தனம் நடத்தியதில்லை. உங்கள் அண்ணனுக்கு இடது புருவம் சற்றே ஏறி, இடது உதட்டோரம் சற்றே இறங்கியிருக்கும். சாப்பிட்டுவிட்டு வந்து "சாப்பிடலை" என்று சொன்னது முழுவதும் அந்தப் பக்கம்தான். "மறுபாதி இல்லாமல் இந்த வீட்டுக்குள் கொண்டுவராதே" என்றுவிட்டேன்.

ஆனால் இடது பக்கத்துக்குப் படம் ஏது? கல்யாணமான புதிதில் மாட்டுங்கா ஸ்டுடியோக்காரர் ஒருவர் "உங்களுக்கு வலது பக்கம் எடுப்பு சார்" என்று சொல்லிவிட்டார். அன்று முதல் கேமராவைக் கண்டால் மனிதர் வலது கன்னத்தைத்தான் நீட்டுவார். ஆல்பம் முழுக்க வலது.

உங்கள் இடது பக்கம் அவருடையதேதான். அவர் அடக்கத்தன்று நீங்கள் வாசலில் அந்தப் பக்கமாகத் திரும்பியபோது, சாப்பிட்டாயிற்றா என்று கேட்க வாயெடுத்துவிட்டேன். ஆகவே தயவுசெய்து ஜன்னல் வெளிச்சத்தில் இடது பக்கம் தெரிய உட்கார்ந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். கண்ணாடியைக் கழற்றுங்கள். காது தெரியத் தலை வாருங்கள். எடுப்பவர் எட்டி நிற்கட்டும், கேமரா உங்கள் கண் மட்டத்தில் இருக்கட்டும். தங்கச்சியை எடுக்கச் சொல்லாதீர்கள், அவள் உங்களைச் சிரிக்க வைத்துவிடுவாள்.

உங்கள் வீட்டில் எல்லாருக்கும் தேவமாதா துணையிருக்கட்டும்.

அண்ணி,
அன்னமேரி

பின்குறிப்பு: போட்டோ அனுப்ப வேண்டாம். கடிதத்தைக் கிழித்திருப்பேன், அடித்தல் திருத்தம் இல்லாமல் எழுதியதைக் கிழிக்க மனசு வரலை. நேற்று சாயங்காலம் லிசா தன் நினைவிலிருந்தே அந்தப் புருவத்தை லேசா ஏத்தி, உதட்டை இறக்கி, முகத்தை அசைச்சுக் காட்டினா. அவர் கண் சிமிட்டிட்டு அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் கேஸைக் குறைக்கணும்னு எழுந்து போயிட்டேன். திரும்பி வந்து, காது சரியில்லைன்னு சொன்னேன். காது சரியாத்தான் இருக்கு. எல்லாம் சரின்னு ஒரு வார்த்தை சொன்னா, அந்த முகம் ஆபீஸில் அடுத்த ஆளுக்குப் போயிடுமாம், அப்புறம் வெளியே கொண்டுவர விடமாட்டாங்களாம். அவளும் பழையபடி மாசத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் வருவா. இப்போ ஆபீஸ் முடிஞ்சதும் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கிட்டு நேரே இங்கே வர்றா, தோசை தின்னுக்கிட்டே அப்பா முகத்தைத் திருத்துறா. உங்ககிட்ட போட்டோ கேட்டிருக்கேன்னு அவளுக்குத் தெரியும். போன் பண்ணினா, பல்வலி, முகம் வீங்கியிருக்கு, வத்தட்டும்னு சொல்லுங்க. எந்தப் பக்கம் சித்தப்பான்னு கேட்பா. இடதுன்னு சொல்லுங்க.