கொள்ளு வறுபடும் வாசம்

கார் வைத்திருப்பவனை ஊர் மதிக்கும் என்று சொல்கிறவர்கள் எல்லாம் கூரையுள்ள கார் வைத்திருந்தவர்கள். என் காருக்குக் கூரை கிடையாது.

எண்பதுகளில் நான் பாப்பிரெட்டிப்பட்டியில் பள்ளிக்கூட வாத்தியார். எங்கள் வம்சத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள். (ஐந்தாவதைத் தாண்டிய முதல் ஆளும் நான்தான்.) வீடு பொம்மிடிப் பக்கம். ஸ்கூட்டர் வாங்கலாமென்றால், பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம் அது. அந்த நேரம் பார்த்து, ஏற்காட்டில் எஸ்டேட்டைக் காலி செய்த ஒருவர் ஸ்கூட்டர் விலைக்கே தன் பழைய சிவப்புக் காரை என் தலையில் கட்டினார். வெள்ளைக்காரன் வேகமாகப் போவதற்கென்றே செய்த ரகம். இரண்டே சீட். எருமை படுத்த மாதிரி தரையோடு தரையாக இருக்கும். மேலே மடக்குகிற துணிக்கூரையை எலி தின்றுவிட்டது. கம்பி மட்டும் மிச்சம்.

அப்பா அதைச் சுற்றிவந்து பார்த்தார். "கூரையில்லாத வூட்டுக்கு எவனாச்சும் பணம் குடுப்பானாடா?"

"ஸ்போர்ட்ஸ் காருப்பா. காத்து வாங்கிக்கிட்டே போலாம்."

"ஆயுசுக்கும் லோடு லாரியில மூட்டை மேல குந்திப் போயி நான் வாங்காத காத்தா?"

ஆனாலும் தினமும் அதில்தான் பள்ளிக்குப் போனேன். மழை வந்தால் ஒரு கையில் ஸ்டீயரிங், ஒரு கையில் குடை. (கியர் மாற்றும்போது நனைய வேண்டியதுதான்.) பஸ் பக்கத்தில் வந்து நின்றால், ஜன்னலோரம் வெற்றிலை போடுகிறவர்கள் எனக்குப் பரம விரோதிகள். இன்ஜினை அணைத்தால் திரும்பக் கிளம்பாது என்பதால் எங்கே போனாலும் மேடு தேடித்தான் நிறுத்துவேன். இடது கதவு திறக்காது. டீக்கடையில் எழுந்து நின்று கும்பிடுவார்கள்: "என்னா வாத்தியாரே, எலெக்‌ஷன் வந்துருச்சுங்களா?" நானும் விடாமல், ஓட்டுக் கேட்பவனைப் போலவே திருப்பிக் கும்பிடுவேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். டிக்கெட் வாங்காமல், யாரும் தள்ளி உட்காரச் சொல்லாமல், எங்கள் குடும்பத்தில் ஒருவன் வேலைக்குப் போகிறான். விற்கவே மாட்டேன் என்று சாதித்தேன்.

இப்படி இருக்கும்போது அரூருக்கு அந்தப் பக்கம், தீர்த்தமலைப் பாதையில் ஓர் ஊரிலிருந்து பெண் அமைந்தது. பெயர் ஜெசிந்தா. டீச்சர் டிரெய்னிங் முடித்தவள். மாதா கோயில் திருவிழாவில் அவள் பாடியதை ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருந்தேன். அதற்கப்புறம் எனக்கு வேறெந்த இடமும் பிடிக்கவில்லை. என் மாமா அங்கே போய், "மாப்பிள்ளைக்குச் சொந்தக் கார்" என்று சொல்லிவைத்திருந்தார். (கூரை விவரத்தை அவர் சொல்லவில்லை.)

பெண் பார்க்கும் நாள், பொங்கல் கழிந்த வெயில். "மானமுள்ளவங்கல்லாம் பஸ்ஸுல வர்றோம்" என்று அம்மா மாமாவோடு முன்னால் போய்விட்டாள். நானும் அப்பாவும் காரில். அப்பா மடியில் பழத்தட்டு. எனக்கு வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. ஊர் நெருங்க நெருங்க நெஞ்சு நிமிர்ந்துகொண்டே போனது.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அறுவடை முடிந்ததும் கொள்ளுச்செடியைத் தார் ரோட்டில் கெட்டியாகப் பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் மேலே ஏறிப் போகப் போக, காய் வெடித்துக் கொள்ளு உதிரும். கூலியில்லாத கதிரடிப்பு. அந்த ஊர் எல்லையிலும் ரோட்டை அடைத்துப் பரப்பியிருந்தது. அம்மா போன பஸ் அதை மிதித்துத்தான் போயிருந்தது. ஆனால் பஸ்ஸுக்குக் கால் உயரம். என் வண்டிக்கு வயிறுதான் கால்.

உள்ளே விட்டேன். அடியில் கரகரவென்று ஏதோ சுற்றிக்கொண்டது. நிறுத்தினால் கிளம்பாதே என்று இன்னும் அழுத்தினேன்.

அப்பா மூக்கை உறிஞ்சினார். "டேய், எங்கியோ கொள்ளு வறுக்கறாங்க."

"ஊருக்குள்ள வறுப்பாங்கப்பா."

"இல்லடா, என் சீட்டுக்குக் கீழ வறுக்கறாங்க!"

கொடியெல்லாம் அச்சைச் சுற்றி, சூடான புகைக்குழாயில் பட்டுப் பற்றிக்கொண்டது. வண்டி தானே நின்றது. இடது கதவுதான் திறக்காதே! அப்பா தட்டைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு எகிறிக் குதித்தார். அப்பா வந்தார், வேட்டி கதவிலேயே தங்கிவிட்டது. ஆனால் ஒரு பழம்கூடக் கீழே விழவில்லை.

வயலிலிருந்து ஆட்கள் ஓடிவந்து குடம் குடமாக வண்டிமேல் கொட்டினார்கள். நெருப்பு அணைந்தது. வண்டிக்குள் முழங்கால் தண்ணீர். கொள்ளெல்லாம் ஊறிப்போனது. கவைக்கொம்பும் கையுமாக, பழைய புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு பெண் புகைகிற கொடியை விலக்கிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் கரி. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன். ஜெசிந்தா! மாப்பிள்ளை வருவதற்குள் கொள்ளுச்செடியை வாரிவிடலாம் என்று வந்தவளாம். எரிந்தது அவர்கள் வீட்டுக் கொள்ளு.

அவள் அப்பா மரியதாஸ் என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "இதுதான் அந்தச் சொந்தக் காருங்களா? கொள்ளு திங்குதே, குதிரைங்களா?" கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "தம்பி, இந்தத் தரித்திரத்த வித்துட்டு வாங்க. அப்புறம் பேசலாம்."

புகையைப் பார்த்து ஊருக்குள்ளிருந்து ஓடிவந்த அம்மா தூரத்திலிருந்தே, "விக்கிறேன்னு சொல்லுடா, மாதாவே!" என்று கெஞ்சினாள். ஜெசிந்தா பார்த்துக்கொண்டிருந்தாள். விற்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். "விக்க மாட்டேங்க" என்று வந்தது. (எங்கிருந்து வந்ததோ, இன்றுவரை தெரியாது.)

அப்பா ஈர வேட்டியைக் கட்டிக்கொண்டே முன்னால் வந்தார். என் வண்டியைத் தினமும் திட்டுகிற அதே அப்பா. "தரித்திரம்னு நான் சொல்லலாங்க, நீங்க சொல்லப்படாது. எம் பையன் சம்பாரிச்சது. கொள்ளு போனதுக்கு நம்ம வூட்டுக் கொள்ளு கொண்டாந்து கொட்டறேன். வண்டிய விக்கச் சொல்லாதீங்க."

வண்டி உஸ்ஸென்று ஆவி விட்டது.

ஜெசிந்தா கவைக்கொம்பை ஊன்றினாள். "ஏம்ப்பா, ரோடு வண்டி போறதுக்குத்தான? கொள்ளக் கொண்டாந்து போட்டது நாமதான?"

மரியதாஸ் மகளைப் பார்த்தார். பிறகு தோட்டத்துப் பக்கம் திரும்பி, "டேய், மாட்ட அவுத்துட்டு வாங்கடா" என்றார். இரண்டு எருதுகள் முன்னால் இழுக்க, நான் கரிமுகத்தோடு ஸ்டீயரிங் பிடிக்க, அப்பா பழத்தட்டோடு பக்கத்தில் குந்தியிருக்க, அந்த ஊருக்குள் பெண் பார்க்கப் போனேன். கூரையில்லாததால் எல்லாருக்கும் நன்றாகத் தெரிந்தது.

கல்யாணம் நடந்தது. வண்டியை விற்கவில்லை, இன்றும் கொட்டகையில் நிற்கிறது. ஜெசிந்தா அடுப்பில் கொள்ளு வறுக்கிற நாளெல்லாம் வீட்டில் யாராவது ஒருத்தர், "வண்டிய ஆஃப் பண்ணுங்க!" என்று கத்துவார்கள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

நான் சிரிக்க மாட்டேன். எழுந்துபோய், கொட்டகையில் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவேன்.