தலைவர் வாங்கிய படகு

"அழுந்துது அண்ணே," என்றார் செபாஸ்டியன்.

"அழுந்தல. வளைஞ்சு கொடுக்குது. பைபர்கிளாஸோட குணமே அதுதான்." கஜபதி படகின் மேல்தளத்தில் இன்னோர் அடி வைத்தார். டீயில் ஊறிய ரஸ்க்கில் விரல் இறங்குவதுபோல அவருடைய குதிகால் இறங்கியது.

கஜபதி அம்பத்தூர் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அவர்தான். தரக்கட்டுப்பாடு ஓய்வு பெறவில்லை. திருவேற்காட்டில் கூவத்தை ஒட்டிய நகர் ஒன்றின் நலச்சங்கத் தலைவராகி, தினமும் காலையிலும் மாலையிலும் தெருத்தெருவாக உலாப் போய், யார் வீட்டுக் குழாய் எவ்வளவு கோணல் என்று சொல்லிவிட்டு வருவார்.

மழைக்கு மழை கூவம் தெருவுக்குள் வரும். 1991ஆம் வருடப் பொதுக்கூட்டத்தில் கஜபதி மேசையைத் தட்டினார். "இனிமே எவனையும் கெஞ்ச வேணாம். நமக்குன்னு சொந்தப் படகு." ஏதோ ஓர் ஏரியில் சவாரி அடித்துக் களைத்துப்போன படகைச் சங்கப் பணத்தில் வாங்கியும் விட்டார். அது இப்போது அவர் வீட்டு வாசலில், செங்கல் அடுக்குகளின் மேல் உட்கார்ந்திருந்தது. ஐப்பசி முதல் ஞாயிறு வெள்ளோட்டம். "அன்னிக்கு இது ஆளைத் தாங்கலைன்னா தலைவர் பதவியே எனக்கு வேணாம்," என்று யாரும் கேட்காமலேயே அறிவித்திருந்தார். சங்கச் செயலாளர் செபாஸ்டியன் அதை மறக்கவில்லை.

கஜபதியின் கண் மாடிக்குப் போனது. அங்கே புதிதாக ஓர் அறை எழும்பிக்கொண்டிருந்தது. "வேம்புலி, எறங்கி வா. சுவத்துப் பூச்சு ஏன் வெடிச்சிருக்கு?"

சித்தாள் வேம்புலியம்மாள் சும்மாட்டோடு இறங்கி வந்தாள். "மேஸ்திரி ஒண்ணும் சொல்லலியே சார். தண்ணி ஊத்தலாமா வேணாமான்னு ரோசன பண்ணிகினு இருந்தேன்."

"நீ ஏன் ரோசன பண்றே? அதுக்குத்தான் நான் இருக்கேன். இந்தக் காம்பவுண்டுக்குள்ள எவன் பூசினாலும், எதைப் பூசினாலும், ரெண்டு வேளை தண்ணி. ஏன் எதுக்குன்னு கேள்வி கூடாது."

"சரி சார்."

"பாத்தீங்களா செபாஸ்டியன், இந்த நாட்டுல..." என்று ஆரம்பித்தவர், நாட்டைத் தீர்த்துக்கட்டிவிட்டுத்தான் படகுக்குத் திரும்பினார்.

மறுநாள் மேல்தளம் முழுக்கத் துளை போட்டார். மாட்டுக்குப் போடும் ஊசியில், காய்ந்தால் இறுகும் ரெசின் பசையை ஏற்றித் துளைதோறும் குத்தினார். மேலே பளபளவென்று ஒரு பூச்சு. ஒரு வாரம் காயவிட்டு மனைவியைக் கூப்பிட்டார்.

"கஸ்தூரி, ஏறி நில்லு."

"நான் என்ன எடைக்கல்லா?" என்றபடி ஏறினாள் கஸ்தூரி. முன்பு குதிகால் இறங்கிய இடத்தில் இப்போது பாதமே இறங்கியது.

"ரெசின்ல கலப்படம்," என்று பாரிமுனைக்கு பஸ் ஏறிய கஜபதி, போனதைவிடக் கொதிப்போடு திரும்பினார். "கடைக்காரன் என்ன கேக்கறான் தெரியுமா? தண்ணி பட்டுதான்னு. ஒரு தூறல்கூட இல்லாத ஊர்ல தண்ணியாம். திருட்டுப்பய எப்படித் தப்பிக்கப் பாக்கறான்."

அடுத்து ரம்பத்தை எடுத்தார். மேல்தோலை அறுத்து நீக்கியபோது, உள்ளே இருந்த பலகை மென்று துப்பிய முருங்கைக்காய்ச் சக்கைபோல் வந்தது. அதை வழித்து எறிந்துவிட்டுப் புது பிளைவுட் பதித்தார். அதன்மேல் கண்ணாடி நார் விரிப்பு, அதன்மேல் ரெசின். சீக்கிரம் இறுகட்டும் என்று கெட்டியாக்கும் திரவத்தை இரண்டு பங்கு ஊற்றினார். வாளி புகைந்தது. பக்கத்து வீட்டார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்கு ஓடினார்கள். அறுத்த நார்த்தூள் கொடியில் காய்ந்த துணியில் படிந்து, வீடே சொறிய ஆரம்பித்தது.

"தலைவரே, இனிமே உங்க பனியனை நீங்களே துவைச்சுக்குங்க," என்றாள் கஸ்தூரி, முதுகைக் கதவு நிலையில் தேய்த்தபடி.

நாலு நாள் கழித்துக் கஜபதி மேல்தளத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். ஓரத்தில் தண்ணீர் கசிந்தது. அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நேரே செபாஸ்டியன் வீட்டுக்குப் போனார்.

"பதவி மேல அவ்ளோ ஆசையா? நான் அசந்த நேரம் பாத்துச் சுவர் ஏறிக் குதிச்சுத் தண்ணி ஊத்துறீங்க."

"அண்ணே, எனக்கு முட்டிவலி. மாதா கோயில் படியே ஏற முடியல. உங்க சுவரையா ஏறுவேன்?"

"அப்ப தண்ணி எங்கேருந்து வருது?"

"நீங்கதான குவாலிட்டி. கண்டுபிடிங்க."

கஜபதி கேட்டுக்குப் பூட்டுப் போட்டார். வேலைக்கு வரும் வேம்புலியம்மாளுக்கு மட்டும் ஒரு சாவி. ஈரம் வெளியே வராதபடி மேல்தளத்துக்கு இன்னும் மூன்று பூச்சுக் கொடுத்து, மொத்தப் படகையும் தார்ப்பாயால் மூடினார். வீட்டில் யாருக்கும் படகின் பக்கம் போக அனுமதி இல்லை. அவரே தொட்டுப் பார்க்கவில்லை. தன் வேலையைத் தானே சந்தேகிப்பது அவருக்குப் பிடிக்காது.

ஐப்பசி முதல் ஞாயிறு. வாசலில் லாரி நின்றது. சங்கத்தார் திரண்டிருந்தார்கள். அன்று காலை உலாவைக்கூட ரத்து செய்துவிட்டுக் கஜபதி வெள்ளை வேட்டியில் வந்து தார்ப்பாயை உருவினார். கழுத்தில் மாலையோடு மேல்தளத்தில் ஏறி நின்றார்.

"தரம் என்பது என்ன?" என்று கேட்டு, பதில் சொல்ல ஓர் அடி முன்னால் வைத்தார்.

சத்தம்கூடப் பெரிதாக வரவில்லை. 'மளுக்' என்றது. வலது கால் தொடைவரை படகுக்குள் போய்விட்டது. இழுத்தால் நார் கிழிக்கும். எனவே அவர் நின்ற நிலையிலேயே முழங்கினார். கடைக்காரன் திருடன். பிளைவுட் விற்றவன் மகா திருடன். கைதட்டாமல் நின்ற சங்கம் நன்றிகெட்டது. இவ்வளவுக்கும் பின்னால் ஒரு சதி இருக்கிறது, அந்தச் சதிகாரன் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறான்.

"அண்ணே, ராஜினாமாவ வாயாலயே சொல்லிடுறீங்களா, இல்ல எழுதித் தர்றீங்களா?" என்று பணிவாகக் கேட்டார் செபாஸ்டியன்.

"சதிகாரனைப் பிடிக்காம நான் இந்த எடத்தை விட்டு நகர மாட்டேன்," என்றார் கஜபதி, நகர முடியாமல்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு இடுப்பில் குடத்தோடு வந்த வேம்புலியம்மாள், படகின் விளிம்பில் குடத்தை ஏற்றி வைத்தாள்.

"கொஞ்சம் நவுந்துக்கோ சார். நீ சொன்னதுலேர்ந்து ஒரு வேள தப்பாம தார்ப்பாயத் தூக்கித் தூக்கி ஊத்திகினு கீறேன், இன்னிக்குத்தான் லேட்டாயிடுச்சி."